ஃபாலோயிங் முதல் ஓப்பன்ஹைமர் வரை: நோலனின் திரைக்கதையில் உண்மையிலேயே எது புதுசு?

#1 ரீல்பெட்டி

ஹாலிவுட் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் பற்றி எங்கே இழை தொடங்கினாலும் "எது பெஸ்ட் படம்" என்று ஆரம்பித்து, கடைசியில் இன்செப்ஷன் முடிவில் சுற்றும் அந்தப் பம்பரம் விழுந்ததா இல்லையா என்பதில் போய் நிற்கிறது. இங்கே அது வேண்டாம். அவர் எப்படி எழுதுகிறார், எழுதியதை எப்படிப் படமாக்குகிறார், இந்த இரண்டும் எங்கே ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன என்பதை மட்டும் பேசலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய புதுமை என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி, ஏதோ ஒரு தட்டுப்பாட்டுக்கோ நடைமுறைச் சிக்கலுக்கோ அவர் கண்டுபிடித்த வழி. அதற்குச் சாட்சி முதல் படமே.

1970-இல் லண்டனில் பிறந்தவர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆங்கில இலக்கியம் படித்தார். அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், அங்கே 16 எம்.எம். கேமராக்களும் ஸ்டீன்பெக் எடிட்டிங் மேசையும் இருந்ததுதான். பின்னாளில் மனைவியும் தயாரிப்பாளருமான எம்மா தாமஸோடு சேர்ந்து அங்கே ஃபிலிம் சொசைட்டியை நடத்தினார். 1998-இல் வந்த 'ஃபாலோயிங்' சுமார் 70 நிமிடப் படம், கருப்பு-வெள்ளை 16 எம்.எம்., செலவு ஏறக்குறைய 6,000 டாலர். எல்லோருக்கும் வேலை இருந்ததால் சனிக்கிழமைகளில் மட்டும், ஏறத்தாழ ஒரு வருடம் எடுத்தார்கள். எழுத்து, இயக்கம், கேமரா மூன்றும் அவரே.

இப்போது கணக்கு. 16 எம்.எம்.-இல் நிமிடத்துக்கு 36 அடி ஃபிலிம் ஓடும். 70 நிமிடத்துக்கு 2,520 அடி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் பத்து டேக் என்றால் 25,000 அடிக்கு மேல். இரண்டே டேக் என்றால் 5,000 அடி. நெகட்டிவ்தான் படத்தின் பெரிய செலவு. அதனால் மேடை நாடகத்துக்குப் பார்ப்பதுபோல முழுக் காட்சியையும் ஒத்திகை பார்த்துவிட்டு ஒன்று அல்லது இரண்டு டேக்கில் முடித்தார். விளக்கு கிடையாது, ஜன்னல் வெளிச்சம். லொகேஷன் நண்பர்களின் வீடுகள்.

கதை முன்னும் பின்னுமாகக் கலைந்து வரும். ஆனால் "இரண்டு வாரங்களுக்கு முன்" என்று ஒரு எழுத்துகூடத் திரையில் விழாது. நாயகனுக்கு மூன்று தோற்றங்கள்: நீண்ட முடியோடு சவரம் செய்யாத முகம், முடி வெட்டி கோட் போட்ட முகம், அடிபட்டு வீங்கிய முகம். எந்தக் காட்சியில் வெட்டினாலும் முகத்தைப் பார்த்ததும் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். செலவு, ஒரு கத்தரிக்கோலும் கொஞ்சம் மேக்கப்பும். பிற்பாடு 200 மில்லியன் டாலர் பட்ஜெட்டிலும் இவர் செய்வது இதே வேலைதான் என்கிறேன்.

#2 பின்வரிசை

ஃபாலோயிங்குக்குத் தட்டுப்பாடு சரி. இன்செப்ஷன் பட்ஜெட் 160 மில்லியன் டாலர், அங்கே என்னய்யா தட்டுப்பாடு? அப்புறம் ஃபாலோயிங்கை நேராகச் சொல்லிப் பாருங்கள். வேலையில்லாத ஒரு எழுத்தாளனைத் திருடன் ஒருவன் ஏமாற்றி மாட்டிவிடுகிறான். அவ்வளவுதான் கதை. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதால்தான் நமக்குப் பெரிசாகத் தெரிகிறது.

#3 கத்தரியும் கோந்தும்

பின்வரிசை, கலைப்பதும் அடுக்குவதும் வேறு வேறு. மெமெண்டோவை (2000) மேசையில் பிரித்துப் பார்த்தால் அது விளங்கும்.

கலர் காட்சிகள் பின்னோக்கிப் போகின்றன, கருப்பு-வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி வருகின்றன, இரண்டும் மாறி மாறி வெட்டப்படுகின்றன. நடந்த வரிசைப்படி கருப்பு-வெள்ளையை 1, 2, 3 என்று 22 வரையும், அதைத் தொடரும் கலரை ஏ, பி, சி என்று வி வரையும் பெயரிட்டால், படம் ஓடுவது 1, வி, 2, யூ, 3, டி என்ற கணக்கில். கடைசியில் 22-உம் ஏ-யும் ஒரே காட்சியாக ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டும் இடத்தைக் கவனியுங்கள். எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத நாயகன் லெனர்ட் ஒருவனைக் கொன்றுவிட்டுப் போலராய்டு படம் எடுக்கிறான். கையில் அந்தப் படம் மெல்ல மெல்லத் தெளிவாகும்போது, நம் திரையும் கருப்பு-வெள்ளையிலிருந்து கலருக்கு மாறுகிறது. டிசால்வ் இல்லை, கட் இல்லை. இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தைக் கதைக்குள் இருக்கும் ஒரு பொருளே காட்டிக்கொடுக்கிறது.

முதல் காட்சியில் இதே போலராய்டு தலைகீழாக வருகிறது. கையில் உதற உதற படம் வெளுத்துக்கொண்டே போகும், அப்புறம் கேமராவுக்குள் புகுந்துவிடும். ரத்தம் மேலே ஏறும், துப்பாக்கி கைக்குத் தாவும். "இந்தப் படம் பின்னால் போகும்" என்ற விதியைப் பாத்திரம் யாரும் வாய் திறப்பதற்கு முன்பே, இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

படத்தொகுப்பாளர் டோடி டார்ன். திரைக்கதைக்கும் படத்தொகுப்புக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. படப்பிடிப்பு 25 நாள் மட்டுமே. அந்த வேகத்தில் எடுக்க வேண்டுமென்றால் வரிசை காகிதத்திலேயே தீர்ந்திருக்க வேண்டும், "எடிட்டில் பார்த்துக்கலாம்" என்பது செல்லாது.

#4 புதுக்கதவு

அண்ணா, ஒரு சந்தேகம். முதலில் நேராகக் கதை எழுதிவிட்டு, அப்புறம் காட்சிகளைத் திருப்பி அடுக்கினாரா? நான் ஒரு 12 நிமிடக் குறும்படத்துக்கு இரண்டு காலங்களில் நடக்கிற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த வழி நல்லது?

#5 கத்தரியும் கோந்தும்

இல்லை தம்பி. திரையில் எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். மூலக் கரு தம்பி ஜோனதன் நோலனுடையது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் காரில் போகும்போது அண்ணனிடம் சொன்ன கதை.

இது ஏன் முக்கியம் என்றால், நேராக எழுதித் திருப்பிப் போட்டால் ஒவ்வொரு காட்சியும் "இதற்கு முன் என்ன நடந்தது" என்பதைத் தன்னுள் வைத்துக்கொண்டிருக்கும். பாத்திரம் ஏற்கெனவே தெரிந்ததைப் பேசும், பார்க்கிறவனுக்கு அது தெரியாது. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. திரை வரிசையில் எழுதினால், பார்க்கிறவனுக்கு இந்த நொடியில் என்ன தெரியும் என்பது மட்டும்தான் எழுதுகிறவன் முன்னால் இருக்கும். லெனர்டுக்கும் முன்கதை நினைவில் இல்லை, நமக்கும் தெரியாது.

உதாரணம் ஒன்று. ஒரு காட்சி லெனர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குகிறது. பக்கத்தில் இணையாக இன்னொருவன் ஓடுகிறான். இவனைத் துரத்துகிறோம் போல என்று நினைத்து லெனர்ட் அவன் பக்கம் பாய்கிறான், மற்றவன் துப்பாக்கியால் சுடுகிறான், ஓஹோ, அவன்தான் என்னைத் துரத்துகிறான் என்று புரிகிறது. நேர் வரிசையில் இதே காட்சி வெறும் துரத்தல். பின்வரிசைக்கு என் பதிலும் இதுதான்: கலைத்ததால் இங்கே நகைச்சுவையும் பயமும் புதிதாகப் பிறந்திருக்கின்றன, பழசு பெரிதாகத் தெரியவில்லை.

#6 பின்வரிசை

சரி, மெமெண்டோவை விட்டுவிடுகிறேன். நம்ம ஊரில் 2005-இல் கஜினி வந்தபோது பச்சை குத்துவது, போலராய்டு, மறதி எல்லாம் வந்தது, வரிசை மட்டும் வரவில்லை. ஃப்ளாஷ்பேக்கில் காதல், நிகழ்காலத்தில் பழிவாங்கல். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அப்போ கதைக்கு அந்த வரிசை கட்டாயமில்லை என்றுதானே அர்த்தம்?

#7 ரீல்பெட்டி

இரண்டு படமும் கேட்கிற கேள்வி வேறு. கஜினியில் நாயகன் யாரை இழந்தான் என்பதுதான் படத்தின் உயிர், அதற்கு அசின் பகுதி நேராக, நிறைய நேரம் எடுத்து வரவேண்டும். மெமெண்டோவில் இவன் சொல்வதை நம்பலாமா என்பதுதான் உயிர். அதற்குப் பின்னோக்கு வரிசை இல்லாவிட்டால் கடைசித் திருப்பம் படத்தின் முற்பகுதியிலேயே உடைந்துவிடும்.

160 மில்லியனில் என்ன தட்டுப்பாடு என்ற கேள்விக்கும் வருகிறேன். இன்செப்ஷனில் (2010) காசு தட்டுப்பாடு இல்லை, பார்வையாளனின் கவனம் தட்டுப்பாடு. கனவுக்குள் கனவு என்று இறங்கிப் போகிற கதை; கடைசி முக்கால் மணி நேரத்தில் வேனும் ஹோட்டலும் பனிமலையும் சேர்ந்தே ஓடுகின்றன, கீழே அந்தக் கடற்கரை நகரமும் இருக்கிறது. கீழே போகப்போக நேரம் நீளும்: விமானத்தில் 10 மணி நேரம், முதல் கனவில் ஒரு வாரம், இரண்டாவதில் ஆறு மாதம், மூன்றாவதில் பத்து வருடம். இந்தக் கணக்கை யாரும் மனசில் வைத்துக்கொண்டு படம் பார்க்க முடியாது. அதனால் முதல் தளம் முழுக்க மழை, சாம்பல் நிற நகரம்; இரண்டாவது பொன்னிற விளக்கு ஹோட்டல்; மூன்றாவது வெள்ளைப் பனி. ஒரு நொடிக்கும் குறைவான ஷாட்டாக இருந்தாலும் எந்தத் தளம் என்று கண்ணுக்குத் தெரியும். ஃபாலோயிங்கின் மூன்று முகங்கள் இங்கே மூன்று வானிலைகளாக வந்திருக்கின்றன.

#8 ஃபோகஸ்புல்லர்

அந்த ஹோட்டல் வராந்தாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இங்கிலாந்தில் பெட்ஃபர்டுக்குப் பக்கத்தில் கார்டிங்டன் என்ற இடத்தில் பழைய ஆகாயக் கப்பல் கொட்டகை இருக்கிறது. அதற்குள் 100 அடி நீள வராந்தாவைக் கட்டி, பெரிய எஃகு வளையங்களுக்குள் பொருத்தி, மின் மோட்டாரால் முழு வட்டமாகச் சுழற்றினார்கள். ஜோசப் கார்டன்-லெவிட் உள்ளே ஓடிச் சண்டை போடுகிறார். கேமராவைச் செட்டின் தரையோடு பூட்டிவிட்டால் செட் சுற்றுவது கேமராவுக்குத் தெரியாது. ஆள் சுவரில் ஏறி நடப்பதாகத் தெரியும். மொத்த வித்தையும் இதுதான்.

இதில் கோட்டைவிடக்கூடிய இடங்கள் இரண்டு. முதலாவது விளக்கு. செட்டுக்கு வெளியே ஸ்டாண்டில் விளக்கு வைத்தால், செட் சுழலும்போது நிழல் சுவரில் ஊர்ந்து குட்டை உடைத்துவிடும். அதனால் வராந்தாவின் சுவர் விளக்கு, கூரை விளக்குகளே ஒளியமைப்பாக இருக்க வேண்டும், அவையும் செட்டோடு சேர்ந்து சுழல வேண்டும். இரண்டாவது ஆள். தரை எப்போது சுவராகிறது என்ற தாளம் உடம்பில் ஏறாவிட்டால் அரை நொடி பிந்தி விழுவார். அதற்குத்தான் வாரக்கணக்கில் பயிற்சி. முழு எடையின்மை வரும் காட்சிகளுக்கு வேறு செட்: வராந்தாவை நிமிர்த்து நிற்க வைத்து, ஆட்களை மேலிருந்து கம்பியில் தொங்கவிட்டு, கீழிருந்து நிமிர்ந்து எடுத்தது. கம்பியை ஆளின் உடம்பே மறைத்துவிடும்.

#9 பின்வரிசை

வேன் பாலத்திலிருந்து விழுவதால் ஹோட்டலில் எடையில்லாமல் போகிறது, சரி. அப்போ அதற்குக் கீழே இருக்கும் பனிமலையிலும் எல்லோரும் மிதக்கணுமே? அங்கே ஜாலியாக ஸ்கீயிங் போகிறார்களே!

#10 ரீல்பெட்டி

படத்தில் அதற்கு நேரான பதில் கிடையாது. கீழே போகப்போக மேல்தளத்தின் பாதிப்பு மங்கும் என்று ரசிகர்கள் சமாளிப்பார்கள். ஓட்டை ஓட்டைதான்.

#11 ஃபோகஸ்புல்லர்

ஐமேக்ஸ் பற்றி யாரும் எண்ணோடு பேசவில்லை, நான் போடுகிறேன்.

வழக்கமான 35 எம்.எம்.-இல் ஒரு ஃப்ரேமுக்கு 4 துளை (ஃபிலிமின் ஓரத்தில், அதை இழுக்கும் பல்சக்கரத்துக்காக இருப்பது), ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும், நிமிடத்துக்கு 90 அடி. ஐமேக்ஸில் 65 எம்.எம். நெகட்டிவ் பக்கவாட்டில் ஓடும், ஒரு ஃப்ரேமுக்கு 15 துளை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 337 அடி. 1,000 அடி மேகசின் (ஃபிலிம் பெட்டி) மூன்று நிமிடத்துக்குள் காலி. ஓப்பன்ஹைமர் மூன்று மணி நேரப் படம். பெருக்கிப் பாருங்கள், 60,000 அடிக்கு மேல் வரும். அந்தப் படத்தின் ஐமேக்ஸ் பிரிண்ட் 11 மைல் நீளம், 600 பவுண்டு எடை என்று செய்தி வந்ததே, அந்தக் கணக்கு இதுதான்.

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மேகசின் மாற்ற வேண்டும், கேமரா பாரம், ஓடும்போது தையல் மிஷின் மாதிரி சத்தம். எனவே நீளமான வசனக் காட்சியை இதில் எடுப்பது கஷ்டம். தி டார்க் நைட்டில் (2008) ஐமேக்ஸில் எடுத்தது 28 நிமிடம் மாதிரிதான்: வங்கிக் கொள்ளை, லாரி கவிழ்வது போன்ற செயல் காட்சிகள். அந்தச் சேஸிங்கில் ஒரு கேமரா நொறுங்கிப் போனது, உலகத்திலேயே அப்போது நாலைந்துதான் இருந்தன. இரண்டாம் உலகப்போர்ப் படமான டன்கர்க்கில் வசனத்துக்கு 5 துளை 65 எம்.எம். கேமரா, மீதிக்கு ஐமேக்ஸ். இந்தப் படத்தின் திரைக்கதை 76 பக்கம்தான், வசனம் அவ்வளவு குறைவு. கேமராவின் குணம் எழுத்தை இழுத்ததா, எழுத்து கேமராவைத் தேர்ந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ரீல்பெட்டியின் கட்சிக்கு இது நல்ல சாட்சி.

ஃபோகஸ் பக்கம்: நெகட்டிவ் இவ்வளவு பெரிதாக இருந்தால், அதே காட்சி அகலத்துக்கு நீளமான லென்ஸ் போட வேண்டியிருக்கும், ஃபோகஸ் ஆழம் ஒடுங்கும். முக குளோசப்பில் கண் ஷார்ப், காது அவுட். ஓப்பன்ஹைமரில் கில்லியன் மர்ஃபியின் முகத்துக்கு அவ்வளவு கிட்டே போய் ஃபோகஸ் பிடித்தவருக்குத் தனியாகவே ஒரு விருது கொடுக்கலாம்.

இன்னொரு சங்கதி. டன்கர்க்கில் கடலில் விழுந்த விமான மாதிரியில் ஐமேக்ஸ் கேமராவைப் பூட்டியிருந்தார்கள். எதிர்பார்த்ததை விட வேகமாக மூழ்கிவிட்டது. வெளியே எடுத்ததும் ஃபிலிமைக் காயவிடாமல், ஈரத்தோடே லாஸ் ஏஞ்சலஸ் லேபுக்கு அனுப்பிக் கழுவினார்கள். காய்ந்தால் சுருளின் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது எமல்ஷன் (படம் பதிந்திருக்கும் மேல்பூச்சு) உரிந்துவிடும். ஈரமாகவே போனதால் ஷாட் பிழைத்தது. ஒளிப்பதிவாளர் ஹொய்டே வான் ஹொய்டமா சொன்ன தகவல்.

#12 கத்தரியும் கோந்தும்

டன்கர்க் (2017) எடிட்டிங்தான் என் கணக்கில் அவருடைய உச்சம். கரையில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், ஆகாயத்தில் ஒரு மணி நேரம். மூன்றும் 106 நிமிடத்தில் பின்னிக்கொண்டு ஓடுகின்றன. மூன்றுக்கும் நீளம் வேறு என்பதால், ஒரே சம்பவம் வேறு வேறு இடத்தில் இரண்டு தடவை வரும்.

ஆகாயப் பகுதியில் ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானம் கடலில் இறங்குகிறது. மேலே பறக்கும் இன்னொரு விமானி ஃபேரியர் குனிந்து பார்க்கிறார். காக்பிட்டிலிருந்து கை ஆட்டுவது தெரிகிறது, நல்லபடி இறங்கிவிட்டான் என்று போய்விடுகிறார். நாமும் நிம்மதியாகிவிடுகிறோம். வெகுநேரம் கழித்துப் படகுப் பகுதியில் அதே விமானத்துக்குக் கிட்டே போகிறோம். மூடி திறக்கவில்லை, உள்ளே தண்ணீர் ஏறுகிறது, அவன் ஆட்டியது கையசைப்பே இல்லை, வெளியே வரப் போராடியது. ஒரே செயல், தூரம் மாறியதும் பொருள் மாறிவிட்டது. இதை நேர் வரிசையில் வைத்தால் இரண்டு ஷாட் அடுத்தடுத்து வந்து உப்புச் சப்பில்லாமல் போகும்.

ஒரு மணி நேரம் என்பதை எப்படிக் காட்டுகிறார் பாருங்கள். ஃபேரியரின் எரிபொருள் மானி உடைந்துவிடுகிறது, அதனால் மிச்சம் எவ்வளவு என்று சாக்பீஸால் டாஷ்போர்டில் எழுதிக்கொண்டே போகிறார். அந்தக் கிறுக்கல்தான் ஆகாயப் பகுதியின் கடிகாரம்.

#13 சத்தக்காரன்

டன்கர்க் என்றால் ஷெப்பர்ட் டோன் இல்லாமல் பேச முடியாது. ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) இடைவெளியில் பல சுரங்கள் ஒரே சமயத்தில் மேலே ஏறுகின்றன. உச்சியில் இருப்பது மெல்ல மறையும், அடியில் புதியது மெல்ல நுழையும். காதுக்கு முடிவில்லாமல் ஏறிக்கொண்டே இருப்பதாகத் தோன்றும், உண்மையில் எங்கேயும் போய்ச் சேராது. தி பிரெஸ்டீஜ் காலத்திலேயே இதைத் தொட்டார்கள், தி டார்க் நைட்டில் பேட்பாட் வண்டியின் சத்தத்திலும் இருக்கிறது. டன்கர்க்கில் திரைக்கதையையே இந்த விதியில் எழுதியதாக நோலன் சொல்லியிருக்கிறார்: மூன்று இழைகளில் ஒன்று உச்சிக்குப் போய் ஓயும்போது இன்னொன்று ஏறத் தொடங்க வேண்டும். ஹான்ஸ் ஜிம்மரின் இசையில் கேட்கும் டிக்-டிக் நோலனின் சொந்தக் கைக்கடிகாரத்தில் பதிவு செய்தது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: 55, 110, 220, 440, 880, 1,760 ஹெர்ட்ஸில் ஆறு சைன் அலைகள். ஒவ்வொன்றும் 12 நொடியில் சரியாக ஒரு ஆக்டேவ் ஏற வேண்டும். நடுவில் இருப்பவை சத்தமாக, இரண்டு ஓரமும் பூஜ்யம் வரை இறங்கி. அந்த 12 நொடியை லூப் போடுங்கள். லூப் சேருமிடத்தில் "டக்" என்று கேட்டால், ஓரச் சுரங்கள் முழுசாக மறைவதற்கு முன் வெட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஃபோன் ஸ்பீக்கரில் சோதிக்காதீர்கள். கீழ்ச்சுரம் கேட்காது, ஏமாற்று வேலை வெளிப்பட்டுவிடும்.

#14 பின்வரிசை

சத்தக்காரன் சார் வந்தது நல்லதாப் போச்சு. இன்டர்ஸ்டெல்லரில் ராக்கெட் கிளம்பும்போது யார் என்ன பேசினார்கள் என்று யாருக்காவது புரிந்ததா? டெனெட்டில் முகமூடி போட்டுக்கொண்டு மொத்தக் கதையையும் விளக்குகிறார்கள். இதுவும் புதுமையா?

#15 சத்தக்காரன்

பாதி அவர் முடிவு, பாதி தியேட்டர் கைங்கரியம்.

அவர் முடிவு: படப்பிடிப்பில் பதிவான குரலையே வைத்துக்கொள்ள விரும்புவார், பின்னால் டப்பிங் பேச வைப்பது பிடிக்காது. கலவையில் வசனத்துக்கு முதலிடம் என்ற வழக்கத்தையும் ஏற்பதில்லை. இசை, இரைச்சல், குரல் மூன்றையும் ஒரே தளத்தில் வைப்பார்.

தியேட்டர் பக்கம்: ஒலிக் கலவை செய்யும்போது தியேட்டர் ப்ராசஸரின் ஃபேடர் (ஒலி அளவுக் குமிழ்) 7-இல் இருப்பதாகக் கொண்டு செய்வார்கள். அரங்கில் "காது கிழிகிறது" என்று யாராவது புகார் சொன்னால் ஆபரேட்டர் 5-க்கு இறக்கிவிடுவார். மற்ற படங்களில் வசனம் தூக்கலாக இருப்பதால் 5-இலும் புரியும். இவர் படத்தில் வசனமும் இரைச்சலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால், மொத்தமும் இறங்கும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்துகள்தான்.

டெனெட்டுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அங்கே ஃபேடர் 7-இலேயே பிரச்சினை இருக்கிறது.

#16 கத்தரியும் கோந்தும்

டெனெட்டில் (2020) சிக்கல் ஒலிக்கு முன்பே தொடங்குகிறது. மெமெண்டோ தன் விதியை இரண்டு நிமிடத்தில் கண்ணால் காட்டியது. டெனெட் காலத்தில் பின்னோக்கிப் போகும் ஒரு தோட்டாவைச் சீக்கிரமே காட்டினாலும், ஆள் மொத்தமாகக் காலத்தில் திரும்பி நடக்கலாம் என்ற பெரிய விதியைப் படத்தின் நடுப்பகுதிக்கு மேல்தான் திறக்கிறது. அதுவரை பார்த்த சண்டை, கார் சேஸ் எல்லாவற்றையும் மனசுக்குள் திருப்பி அடுக்க வேண்டும்; அடுக்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. முன்னோக்குக்குச் சிவப்பு, பின்னோக்குக்கு நீலம் என்று அடையாளம் வைத்திருக்கிறார். கடைசிப் போர்க்களத்தில் புழுதிக்குள், ஹெல்மெட்டுக்குள் அந்த நிறம் போதவில்லை. மழை, ஹோட்டல், பனி என்று பிரித்த அதே கைதான் இதையும் செய்தது என்பதுதான் வருத்தம்.

உழைப்பைக் குறை சொல்லவில்லை. நடிகர்கள் சண்டையை முன்னாலும் பின்னாலும் கற்றார்கள், ஐமேக்ஸ் கேமராவைப் பின்னோக்கி ஓடும்படி மாற்றியமைத்தார்கள், மோதவிடுவதற்கு உண்மையான போயிங் 747 விமானம் வாங்கினார்கள், வி.எஃப்.எக்ஸ். ஷாட் 300-க்கும் குறைவு. வித்தை எல்லாம் ஒழுங்கு, பார்க்கிறவனுக்கு வழிகாட்டிப் பலகைதான் இல்லை.

#17 ரீல்பெட்டி

ஒப்புக்கொள்கிறேன். அடுத்த படத்தில் அந்தப் பலகையைத் திரும்ப நட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ஹைமரில் (2023) கலர் என்றால் ஓப்பன்ஹைமரின் பார்வை, கருப்பு-வெள்ளை என்றால் அவருக்கு எதிரியாகும் அதிகாரி ஸ்ட்ராஸ் பக்கத்துப் பார்வை. ஆரம்பத்திலேயே இரண்டுக்கும் பெயர் போட்டுவிடுகிறார். திரைக்கதையில் கலர் காட்சிகளின் விவரிப்பு முழுவதும் தன்மை ஒருமை: "நான் கதவைத் திறக்கிறேன், அவன் முகத்தைப் பார்க்கிறேன்" என்கிற மாதிரி. திரைக்கதையில் இப்படி யாரும் எழுதுவதில்லை. இதன் நடைமுறைப் பயன், கேமரா எங்கே நிற்க வேண்டும் என்ற சர்ச்சை எழாது. ஓப்பன்ஹைமர் இல்லாத அறைக்குள் கலர் கேமரா நுழையக் கூடாது.

குளத்தங்கரையில் ஐன்ஸ்டீனும் அவரும் பேசுவதை முதலில் தூரத்திலிருந்து ஸ்ட்ராஸ் பார்ப்பதாகக் கருப்பு-வெள்ளையில் காட்டுகிறார். என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லிவிட்டான் என்று அந்த மனிதர் வருடக்கணக்கில் புழுங்குகிறார். பேசியது என்ன என்று கடைசியில் கலரில் கேட்கிறோம்; ஸ்ட்ராஸ் பேச்சிலேயே இல்லை. ஸ்பிட்ஃபயர் கையசைப்பின் அதே உத்திதான்.

#18 ஃபோகஸ்புல்லர்

அந்தக் கருப்பு-வெள்ளைக்குப் பின்னால் பெரிய வேலை இருக்கிறது. 65 எம்.எம். அகலத்தில் கருப்பு-வெள்ளை நெகட்டிவ் கடையில் இல்லை. கோடாக் தங்கள் டபுள்-எக்ஸ் ஸ்டாக்கை அந்த அகலத்தில் புதிதாக வெட்டித் தந்தது. கலர் ஃபிலிமின் பின்பூச்சு வேறு, இதன் பின்பக்கம் வேறு. அதனால் கேமராவுக்குள் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை மாற்ற வேண்டியிருந்தது. லேபிலும் கழுவும் இயந்திரத்தை இதற்கென்று தயார் செய்தார்கள். கலரில் எடுத்து நிறத்தை உறிஞ்சிவிட்டால் போதாதா என்றால், கிரெயினும் தோலின் சாம்பல் படிநிலையும் அப்படி வராது.

#19 பின்வரிசை

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை நாம் சென்னையில் டிஜிட்டல் ஐமேக்ஸில் 1.90 விகிதத்தில் (உயரத்தைப் போல அகலம் எத்தனை மடங்கு என்ற கணக்கு) பார்க்கிறோம். 1.43 உயரம் முழுசாகத் தெரிகிற 70 எம்.எம். பிரிண்ட், ஓப்பன்ஹைமருக்கு உலகத்திலேயே 30 அரங்குகளில்தான் ஓடியது. 2018-இல் நோலன் மும்பைக்கு வந்தபோது கமல் அவரைச் சந்தித்து, டன்கர்க்கை டிஜிட்டலில் பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்டதாக ட்வீட் போட்டாரே, நாமெல்லாம் சேர்ந்து ஒரு மன்னிப்புக் கடிதம் போடலாம். நோலன் பாபநாசம் பார்த்திருக்கிறார் என்பதும் அந்த ட்வீட்டில்தான் தெரிந்தது.

#20 புதுக்கதவு

அண்ணன்மார்களே, எல்லாம் படித்தேன். என் குறும்படத்தில் அப்பா இருந்த காலம் ஒன்று, இறந்த பிறகு ஒன்று. ஃபோன் கேமரா. ஒன்றைக் கருப்பு-வெள்ளை ஆக்கலாமா? காட்சிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தை எவ்வளவு நீளம் வைப்பது?

#21 கத்தரியும் கோந்தும்

கடந்த காலம் என்பதால் கருப்பு-வெள்ளை என்றால் வேண்டாம், அது எல்லோரும் செய்வது. உன் கதையில் ஏற்கெனவே மாறுகிற பொருள் ஏதாவது இருக்கும்: அப்பாவின் நாற்காலி இருக்கும் இடம், சுவரில் படம் மாட்டியிருப்பது, வாசலில் செருப்பு எத்தனை ஜோடி. அதை ஒவ்வொரு காட்சியிலும் முதல் மூன்று நொடிக்குள் ஃப்ரேமில் கொண்டுவா. அதுதான் உன் அடையாளம்.

திரை வரிசையில் எழுதி முடித்ததும், ஒவ்வொரு காட்சியையும் ஒரு அட்டையில் எழுதி, நடந்த வரிசையில் தரையில் பரப்பு. காரணம் இல்லாமல் நடக்கிற சம்பவம் உடனே தெரியும். திரை வரிசையில் அது ஒளிந்துகொள்ளும்.

ஏறும் இடத்துக்கு நான்கு முதல் ஆறு நொடி போதும். அதில் தெளிவான ஒரு சத்தம் இருக்கட்டும்: கதவுத் தாழ்ப்பாள், குக்கர் விசில், ஒரு வார்த்தை. கண் மறந்தாலும் காது ஞாபகம் வைத்துக்கொள்ளும். இரண்டு தடவையும் அதே டேக்கின் ஒலியைப் பயன்படுத்து; படம் வேறு கோணமாக இருக்கலாம், ஒலி மாறினால் வேறு சம்பவம் என்று நினைத்துவிடுவார்கள்.

ஃபோனில் டேக்குக்குக் காசில்லை என்பதுதான் உனக்கு ஆபத்து. ஷாட்டுக்கு மூன்று டேக் என்று வரம்பு வைத்துக்கொண்டு, ஒத்திகையை அதற்கு முந்தின நாளே முடி. எக்ஸ்போஷரையும் வைட் பேலன்ஸையும் பூட்டாமல் எடுத்தால், ஜன்னல் பக்கம் ஆள் நகரும்போதெல்லாம் நிறம் தானாக மாறும். இரண்டு காலத்துக்கும் நீ வைத்த வித்தியாசம் அதில் கரைந்துபோகும்.

#22 ஃபோகஸ்புல்லர்

பூட்டுவது ஃபோனின் சொந்தக் கேமரா செயலியில் கடினம், மேனுவல் வசதி உள்ள செயலியில் எடு. ஷட்டர் 1/50, நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் மினுக்காது. காட்சி நம்பரோடு ஒரு சிலேட்டும் போடு. திரை வரிசை நம்பர் ஒன்று, நடந்த வரிசை நம்பர் ஒன்று, இரண்டையும் எழுது.